வெளிநடப்புக்கு வழியில்லை

நகரசபையில் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் கீரியும் பாம்பும். கூட்டம் முடிந்தால் ஒரே காரில் வீட்டுக்குப் போவார்கள். பகையை இவ்வளவு ஒழுங்காக, நேரம் தவறாமல் நடத்துவது லேசான காரியமல்ல.

பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய இடம் தலைவரின் மைத்துனருக்குக் குத்தகைக்குப் போகவேண்டும். தலைவர் பக்கம் ஒன்பது பேர், எதிர்ப்பக்கம் பத்து. அந்தப் பத்துப் பேரும் கோபமாக வெளியேறினால் தீர்மானம் நிறைவேறிவிடும்.

அதனால் முதல் நாளே கூட்டக் குறிப்பு தயாராகி, குறிப்பெழுதும் அம்மாவின் மேஜைக்கு வந்தது. ‘11.10: எதிர்க்கட்சியினர் கொதித்தெழுந்து வெளிநடப்பு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.’

“கூட்டம் நாளைக்குத்தானே சார்?” என்றார் அம்மா.

“உங்களுக்கு வேலை மிச்சம்மா. கையெழுத்த மட்டும் போடுங்க” என்றார் தலைவரின் உதவியாளர்.

“நடந்தா போடறேன்.”

“நடக்கும். போடலேன்னா உங்களுக்கு ஊர் மாத்தலும் நடக்கும்.”

மறுநாள், ஆஸ்பத்திரி கேட்டு ஜனங்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று பயந்த தலைவர், மண்டபக் கதவை வெளியே பூட்டச் சொன்னார். பூட்டிய காவலாளி சாவியோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

பதினொன்று பத்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் அழகாகக் கொதித்தார். மேஜையைத் தட்டினார். பத்துப் பேரும் கதவுவரை நடந்தார்கள். கதவு அசையவில்லை. சுவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள்.

“பரவாயில்ல, வெளிநடப்புன்னே எழுதிக்கங்கம்மா” என்றார் தலைவர்.

அம்மா பேனாவை எடுத்தார். எதிர்க்கட்சித் தலைவர் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க இன்னும் உள்ளதான் நிக்கறீங்க. உங்க ஓட்டு எந்தப் பக்கம்னு எழுதட்டும்?”

மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நிருபர்கள் நிமிர்ந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் தலைவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

“எதிர்க்கிறோம்” என்றார். மற்ற ஒன்பது பேரும் அதையே முனகினார்கள்.

ஒன்பதுக்குப் பத்து. தீர்மானம் தோற்றது. நடந்ததை நடந்தபடி எழுதி அம்மா கையெழுத்திட்டார்.

மூன்றாம் நாள் ஊர் மாற்றல் உத்தரவு வந்தது. பரிந்துரைத்தவர்கள் இருவர்: தலைவர், எதிர்க்கட்சித் தலைவர்.

அம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு உதவியாளரிடம், “ரெண்டு பேரும் ஒரே காகிதத்துல வெளிப்படையா கையெழுத்து போட்டு இப்பத்தான் பாக்கறேன். நகல் ரெண்டு குடுங்க சார். ஒன்னு எனக்கு, இன்னொன்னு நிருபர் தம்பிக்கு” என்றார்.