நிலானிக்கு மேலே உள்ள கட்டம்

எங்கள் வார்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நோட்புக்கில் எழுதப்பட்டவர்கள். நோட்புக் என்றால் காகித நோட்டு இல்லை, வார்டு அலுவலகக் கம்ப்யூட்டரில் எப்போதும் திறந்திருக்கும் புரோகிராம். ஆளுக்கு ஒரு கட்டம். கட்டத்தை ஓட்டினால் ஆள் கம்ப்யூட்டரின் நினைவுக்குள் வந்துவிடுவார், பிறகு கடைக்குப் போவார், வருவார், சண்டை போடுவார். முதல் கட்டத்தில் மட்டும் ஆள் கிடையாது. அதில் உதவி ஃபங்ஷன்கள், அதாவது சின்னச் சின்ன வேலை செய்யும் நிரல் துண்டுகள், இருக்கின்றன. யார் யார் நினைவில் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒன்று, எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பச்சைப் பட்டையாகக் காட்ட ஒன்று, இப்படி. அவற்றை எழுதுவது என் வேலை. சம்பளம் சுமார்தான், ஆனால் வீட்டுக்குப் பக்கம்.

சித்திரையில் என் கணவர் ஞானசிகாமணியின் கட்டம் அழிந்துபோனது. கூட வேலை பார்க்கும் எபனேசர் கீபோர்டின் மேல் டிபன் பாக்ஸை வைத்திருக்கிறார். டி எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை அழுந்தினால் கட்டம் போய்விடும். கம்ப்யூட்டர் அதைத் தானாகச் சேமித்தும் விட்டது. ஆனால் கட்டம் போனதும் ஆள் போய்விடுவதில்லை. ஒருமுறை ஓட்டியது நினைவில் நிற்கும், ரீஸ்டார்ட் செய்யும்வரை. அன்று மாலை அவர் வழக்கம்போல் வந்து சாப்பிட்டார். குழம்பில் உப்பு கம்மி என்றார்.

அன்றிலிருந்து பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் ஃபேன் நிற்கும்போதெல்லாம் அவர் கையைப் பற்றிக்கொள்வேன். அலுவலகத்தில் யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் பேட்டரி பழசு.

"கை வேர்க்குது, விடு" என்பார்.

கரண்ட் வரும்வரை விடமாட்டேன்.

ஆடியில் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. எபனேசர் 'சுத்தம்' என்று ஒரு உதவி ஃபங்ஷன் எழுதினார். அது ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டங்களையும் வரிசையாக ஓட்டும். நல்ல ஃபங்ஷன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வெள்ளிக்கிழமை ஓட்டிடலாம்க்கா. அதுக்குள்ள அண்ணனைத் திரும்ப எழுதிடுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க என் கணவரிடமே கேட்டுக் கேட்டு எழுதினேன்.

"எந்தப் பக்கம் படுத்தா உங்களுக்குத் தூக்கம் வரும்?"

"நிலானி எந்தப் பக்கம் படுத்திருக்காளோ அந்தப் பக்கம்."

நிலானி எங்கள் மகள். ஐந்தாவது படிக்கிறாள்.

"எதுக்குப் பயப்படுவீங்க?"

"அவ சைக்கிளை எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போனா பயம்தான்."

எல்லாவற்றையும் எழுதினேன். புதுக் கட்டத்தைக் கடைசியில் சேர்ப்பதுதான் எங்கள் பழக்கம், அப்படியே சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் வரவில்லை. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை எபனேசர் 'சுத்தம்' ஓட்டினார். எனக்கு லேசாகத் தலை சுற்றியது, என் கட்டம் ஓடிவிட்டது என்று புரிந்தது. பச்சைப் பட்டை நகர்ந்து, நிலானியின் கட்டத்தில் நின்றது. சிவப்பு எழுத்து வந்தது: அப்பா யார் என்று தெரியவில்லை. அவளுக்கு அப்பா வேண்டும், அப்பாவோ கடைசிக் கட்டத்தில் இருந்தார். அவளுக்குக் கீழே இருந்த தெருக்கள் எதுவும் ஓடவில்லை.

அவர் கட்டத்தை நிலானிக்கு மேலே நகர்த்தினேன். மறுபடி ஓட்டினோம். இப்போது அவர் கட்டத்திலேயே நின்றது: நிலானி யார் என்று தெரியவில்லை. அன்று நான் ஓட்டிப் பார்த்தபோது அவள் நினைவில் இருந்தாள், இப்போது இன்னும் வரவில்லை.

"பழைய கட்டத்துல இது வரலையேக்கா?"

"அது அவ பிறக்கிறதுக்கு முந்தி எழுதினது, எபனேசர்."

நிலானி பெயர் வந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். தூங்கும் பக்கம் போனது. பயம் போனது. சிரிப்பு பெரும்பாலும் போய்விட்டது. உப்பு, சட்டை அளவு, என் பெயர் என்று கொஞ்சம் மிஞ்சியது. நோட்புக்கின் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: இவள் நிலானி, உங்கள் மகள். வார்டு முழுக்க ஓடி முடித்த பிறகுதான் அந்த வரி ஓடும். சிவப்பு வரவில்லை. பட்டை மெதுவாக நகர்ந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, காபி கேட்டார். எனக்கு அழுகை வந்தது. சற்று நேரத்தில் டியூஷன் முடிந்து நிலானி வந்தாள். பையை இறக்கப் போனவளை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரைப் பார்க்கணும்மா?"

நிலானி என்னைப் பார்த்தாள். என் போனில் பச்சைப் பட்டை தெரிந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சும்மா வந்தேன் அங்கிள்."

"இருட்டப் போகுது. வீட்டுக்குப் போ கண்ணு, அம்மா தேடுவாங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் வாசல்வரை போனேன். மாடிப்படியில் எதிர்வீட்டு டீச்சர் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது, டிவி ஓடியது. அவர் யார் என்று வீட்டாருக்குச் சொல்லும் வரியும் இன்னும் ஓடவில்லை.

"எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்டார்.

"பாதிதான் டீச்சர். நின்னு நின்னு போகுது."

அவர் நகர்ந்து நிலானிக்கு இடம் கொடுத்தார்.

"கொசு வருது, கதவைச் சாத்து" என்றார் என் கணவர் உள்ளேயிருந்து.

சாத்தினேன்.