இறங்கும் என்று வரைந்த கோடு

இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணி. வெள்ளி காலை பத்து மணிக்கு எங்கள் கடை மேலாளர் வெண்டல் சார் தன் மேசை இழுப்பறையில் இருக்கும் உறையைப் பிரிப்பார். அதிலுள்ள புதிய விலைச்சீட்டுகளை நானும் ரென்ஸும் கேம் கன்சோல் பெட்டிகளில் ஒட்டுவோம். விலை ஏறப்போவதை அதுவரை வெளியே சொல்லக் கூடாது. ஜூலையில் இப்படித்தான் ஒரு பெண் தன் தோழிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அன்று மாலையே அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

என் இரண்டாவது ஐந்து மாத ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. மூன்றாவது கிடைக்குமா என்பது வெண்டல் சார் கையில் இருக்கிறது.

"உன் டீச்சர் வர்றாங்க," என்றான் ரென்ஸ். "இன்னொரு கிராஃப் போட்டுக் குடு."

ஓர்பா டீச்சர் பக்கத்து ஊரான தாலிசாயின் அரசுப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். பள்ளி விட்டதும் ஜீப்னி வண்டி பிடித்து, மாதம் ஒருமுறையாவது எங்கள் கடைக்கு வந்து விலையைப் பார்த்துவிட்டுப் போவார். தோஹாவில் வேலை செய்யும் தம்பி எல்மரோடு ஞாயிறுதோறும் ஆன்லைனில் கூடைப்பந்து விளையாடுவது அவர் வழக்கம். நேராகப் பேசினால் இரண்டு நிமிடத்தில் சண்டை வந்துவிடும், விளையாடினால் இரண்டு மணி நேரம் பேசுவோம் என்று ஒருமுறை சொன்னார். எல்மர் புதிய கன்சோலுக்கு மாறிவிட்டான். டீச்சரின் பழைய கன்சோல் அதோடு சேராது.

மார்ச்சிலேயே பணத்தோடு வந்தவர்தான். நான்தான் வாங்கவிடவில்லை. இயற்பியல் படித்தவள் என்பதால் எதையும் வரைந்து பார்க்கும் பழக்கம் எனக்கு. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில், முந்தைய மூன்று தலைமுறைக் கன்சோல்களின் விலையைக் கோடுகளாகப் போட்டுக் காட்டினேன். மூன்றும் வயதாக ஆக இறங்கியிருந்தன. வருடக் கடைசிவரை பொறுத்திருங்கள் என்றேன். விற்கிறவளே வாங்காதே என்கிறாளே என்று அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பணத்தில் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார். எட்டு மாதமாக விலை அசையவில்லை. இப்போது அசையப்போகிறது, மேல்நோக்கி.

டீச்சர் ஓட்டாப் பிஸ்கட் பொட்டலத்தைக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்தார். திங்கட்கிழமை போனஸ் வருகிறதாம். போன ஞாயிறு எல்மர் தனியாக விளையாட, இவர் போனில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாராம். பத்து நிமிடத்தில் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டதாம்.

"இன்னைக்கே வாங்கிடுங்களேன் டீச்சர்," என்றேன்.

அவர் சிரித்தார். "கமிஷன் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா கண்ணு?"

ரென்ஸும் சிரித்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் நாளைக்கே கடன் கிடைக்கும் இல்லையா என்று கேட்டுப் பார்த்தேன். கிடைக்கும், ஆனால் ஐந்து நாளில் சொந்தப் பணம் வரும்போது வட்டி எதற்கு என்றார். அவர் சொன்னது சரிதான். காத்திருக்கச் சொன்னவள் காரணம் சொல்லாமல் அவசரப்படுத்தினால் யார் கேட்பார்கள்?

வெண்டல் சார் எனக்குப் பின்னால் வந்து நின்று, அலமாரியில் பெட்டிகளைச் சரிபார்க்கத் தொடங்கினார். அவர் பேனா தாளில் உரசுவது கேட்டது. மாலில் செப்டம்பரில் தொடங்கி மூன்றாவது மாதமாக அதே கிறிஸ்துமஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் பர்ஸிலிருந்து என் பில்லை எடுத்துக் கண்ணாடி மேல் விரித்தார். மடிப்பில் கிழியாமல் இருக்கப் பின்னால் டேப் ஒட்டியிருந்தார். மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில், பென்சிலால் அவரே நான்காவது ஒன்றைத் தொடங்கியிருந்தார். எட்டு மாதத்துக்கு எட்டுப் புள்ளிகள், ஒரே மட்டத்தில்.

"நீ சொன்ன மாதிரி இறங்கும்ல?" என்று பென்சிலை என்னிடம் நீட்டினார். "அடுத்த புள்ளியை நீயே வை."

நான் பென்சிலை வாங்கினேன். எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். பின்னால் பேனா நின்றது.

"நான் போட்ட கோடு தப்பு டீச்சர். வெள்ளிக்கிழமை காலையில விலை நாலாயிரம் பெசோ ஏறுது."