எபியூசியோஸ்: பொருள் தெரியாது

அச்சேறுவதற்கு முந்தைய கடைசி மெய்ப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. எங்கள் கிரேக்க-தமிழ் அகராதியில், எபியூசியோஸ் என்ற சொல்லுக்கு நான் "பொருள் உறுதியாகத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்த இடத்தில் "தினசரி" என்று இருந்தது. அத்தான் கைவரிசை. அக்காவைக் கட்டியவர், பதிப்பகத்தின் முதலாளி, கிரேக்கத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவர்.

அச்சுக்கூடத்துக்கே போய்ப் பிடித்தேன். இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அதுவும் வசதியாய்ப் போயிற்று.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"காசு கொடுத்து அகராதி வாங்குறவன் 'தெரியாது'ன்னு படிக்கவா வாங்குறான்? அது அவனுக்கே தெரியுமே!"

எபியூசியோஸ். ரொட்டி கேட்கும் ஒரு பழைய கிறிஸ்தவப் பிரார்த்தனையில் ரொட்டிக்கு அடைமொழியாக வரும் சொல். கிரேக்கத்திலேயே எழுதி வாழ்ந்த பழங்கால அறிஞர் ஒருவர், இதை யார் வாயிலும் கேட்டதில்லை என்று கைவிரித்துவிட்டார். முன்னால் நிற்கும் 'எபி' புரிகிறது. பின்பாதி 'இருத்தல்' என்பதா, 'வருதல்' என்பதா? உயிர் வாழத் தேவையான ரொட்டியா, நாளைக்கு வரவேண்டிய ரொட்டியா? இன்றுவரை சண்டை.

"மத்த அகராதியில எல்லாம் தினசரின்னு இருக்கே. ஏதோ பழைய கிரேக்கச் செலவுச் சீட்டுலகூட இந்தச் சொல் இருக்காமே?"

"அந்தச் சீட்டு ரொம்ப காலம் காணாமப் போயிருந்தது, அத்தான். திரும்பக் கிடைச்சப்ப பார்த்தா அதுல இருந்தது 'எண்ணெய்'! முதல்ல ஒருத்தர் தப்பாப் படிச்சார், மத்தவங்க கண்ணை மூடிக்கிட்டுக் காப்பியடிச்சாங்க. நாமளும் அடிக்கணுமா?"

"எண்ணெயும் தினசரி வேணும்தானே?"

இயந்திரக்காரர் சிரித்தார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

"அப்படின்னா அட்டையில இருந்து என் பேரை எடுத்துடுங்க."

மிரட்டத்தான் சொன்னேன். வருடக்கணக்கில் தனியாளாகத் தொகுத்த அகராதி. பதறிப் போவார் என்று நினைத்தேன். "சரிம்மா" என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டை மெய்ப்பில் என் பெயரை அங்கேயே அடித்தார்.

புத்தகம் வந்தது, தடித்த எழுத்தில் தினசரியோடு. போன வாரம் அக்கா கூப்பிட்டாள்.

"யாரோ பேராசிரியர் இவருக்குப் போன் பண்ணினார்டி. அகராதி பிரமாதமாம். தொகுத்தது யாருன்னு கேட்டார்."

"அத்தான் என்ன சொன்னார்?"



"தெரியாதுன்னுட்டார்."