எழுதுற ஆன்ட்டி

மனைவியைப் பிரிந்த அப்பாக்கள் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்க்க வரும் அறையில், மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுதுவது என் வேலை. அந்தக் குறிப்பு நீதிமன்றத்துக்குப் போகும். அதனால் என் பார்வை பட்டாலே போதும், அப்பாக்களுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வரும்.

அவர்களில் ஓர் அப்பா அதில் கைதேர்ந்தவர். நான் நிமிர்ந்தால் யானையாகி மகளை முதுகில் சுமப்பார். நான் குனிந்தால் கைப்பேசியை நோண்டுவார். போகும்போது, "மேடம், யானை சவாரிய எழுதிட்டீங்கல்ல?" என்று வேறு கேட்பார்.

போன வாரம் மகள் பொம்மைகளை வைத்து வீடு கட்டினாள். நடுவில் அப்பா பொம்மை, பாப்பா பொம்மை. மூலையில் இன்னொன்றை உட்காரவைத்து, அதன் மடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தாள்.

"அது யாரு செல்லம், அம்மாவா?" என்று என்னைப் பார்த்தபடியே குழைந்தார் அப்பா.

"இல்லப்பா, எழுதுற ஆன்ட்டி. நம்ம வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்க பாத்தாதானே நீங்க என்கூட விளையாடுவீங்க?"

அப்பாவின் முகம் செத்துப்போனது. "மேடம், இத மட்டும் எழுதாதீங்க" என்றார்.

அன்று என் கையெழுத்து என்றைக்கும் இல்லாத அழகோடு வந்தது.