கீழே பார்க்கும் குருவிகள்

1

இந்தக் கதையை நான் திருடினேன். அத்தானின் வெட்கத்திலிருந்து. அவர் இன்னும் அதை அனுபவித்து முடிக்கவில்லை. அதற்குள் நான் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்துவிட்டேன்.

நாங்கள் மூன்று பேர்: அக்கா வனஜா, அவளுடைய கணவர் உமாபதி அத்தான், நான். இந்த எழுபத்தாறாம் ஆண்டு தொடக்கம் ரொறன்ரோவில், பாதர்ஸ்ட் வீதிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு யூதக் குடும்பத்தின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே மிஸ்டர் அட்லரும் மிஸிஸ் அட்லரும். மிஸ்டர் அட்லருக்குக் கோடையில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி உடம்போடு திரும்பி வந்திருக்கிறார்.

முதல் தொடக்கம்: "ஓர் இனத்தின் பெருந்துயரம் அந்த வீட்டின் சுவர்களில்—"

(இல்லை. அந்தச் சுவர்களில் பூப்போட்ட தாள்தான் ஒட்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்து வளர்ந்தவன் நான். யூதக் கிழவர் ஒருவரைக் கண்டதும் அவர் கையில் ஒரு வயலினையும் நெஞ்சில் ஒரு துயரத்தையும் வைத்துவிடுகிறேன். மிஸ்டர் அட்லர் மேசை, கதிரை விற்கும் தளபாடக் கடை வைத்திருந்தவர். ஹொக்கி பார்த்துக் கத்துவார். வயலின் இல்லை.)

2

இரண்டாவது தொடக்கம். இது நடந்தது.

இலையுதிர் காலத்தில் அவர்களுக்குக் கூடாரப் பண்டிகை வருகிறது. சுக்கோத் என்கிறார்கள். பின்வளவில் பலகையால் ஒரு குடில் கட்டி, மேலே இலைதழைகளைப் பரப்பி, பண்டிகை முடியும்வரை அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். கூரை இடைவெளியால் நட்சத்திரம் தெரியவேண்டுமாம். சோடனையெல்லாம் வீட்டிலேயே செய்வது. பேரப்பிள்ளைகள் வர்ணத் தாளில் சங்கிலி ஒட்டினார்கள். சோளப்பொரியை ஊசியால் நூலில் கோத்தார்கள்; கோத்ததைவிடத் தின்றது அதிகம். கூரைக்கென்று மிஸிஸ் அட்லர் சந்தையிலிருந்து சோளத்தட்டைகளைக் கட்டுக்கட்டாக இறக்கியிருந்தார்.

அந்த நீள இலைகளைக் கண்டதும் அத்தானின் கை துருதுருத்தது.

"தம்பி, உது அப்பிடியே குருத்தோலை மாதிரியெல்லே இருக்கு. தோரணம் கட்டிக் காட்டுறன் பார்."

இந்த நாட்டில் அவருக்குத் தெரிந்த எதையும் அதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவராகவே போனார். இலையைக் கீறினார், மடித்தார், செருகினார். குருவி குருவியாக விழுந்தது. பிள்ளைகள் சோளப்பொரியை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். மிஸிஸ் அட்லர் கைகொட்டி, முழுத் தோரணத்தையும் மேசையின் தலைமாட்டுக் கதிரைக்கு நேர்மேலே கட்டச்சொன்னார். அது அவருடைய கணவர் அமரும் இடம்.

* அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: தோரணத்தில் ஓலையை மடிக்கும்போது வரும் வடிவத்தைக் குருவி என்போம். நல்ல காரியத்துக்குக் கட்டினால் குருவியின் தலை மேலே பார்க்கும். செத்த வீட்டுக்குக் கட்டினால் கீழே பார்க்கும்.

3

பொழுதுபட அக்கா வேலையால் வந்தாள். குடிலின் திறந்த பக்கம் எங்கள் குசினி யன்னலுக்கு நேரே இருக்கிறது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? உது செத்த வீட்டுத் தோரணமெல்லே!"

அத்தான் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு அது ஒண்டுதான் கட்டத் தெரியும்," என்றார். "கலியாண வீட்டுக்குக் கை பழகின ஆக்களைத்தான் கூப்பிடுவினம். செத்த வீடெண்டால் முற்றத்தில சும்மா நிக்கிறவன்ரை கையிலயும் ஓலையைத் தருவினம்."

"அந்த மனிசன் இப்பதான் ஆஸ்பத்திரியால வந்தது. ஓடிப்போய்க் கழட்டுங்கோ."

அத்தான் போனார். நானும் பின்னால் போனேன். (துணைக்கு என்றுதான் சொன்னேன்.)

மிஸிஸ் அட்லர் மெழுகுதிரி ஏற்றி முடித்திருந்தார். தோரணம் சரியாக வரவில்லை, கழற்றிவிடுகிறேன் என்று அத்தான் தன் ஆங்கிலத்தில் சொன்னார். மிஸிஸ் அட்லர் சிரித்தார். பண்டிகை தொடங்கிவிட்டால் குடிலின் சோடனை பண்டிகைக்கே சொந்தம், முடியும்வரை கழற்றக்கூடாது, தொங்கவிட்ட பழம் தானாக விழுந்தாலும் நாங்கள் தின்பதில்லை என்றார். "உங்களுக்கு அடக்கம் கூடிப்போச்சு, மிஸ்டர் பதி. இங்கே இருப்பதில் உங்கள் தோரணம்தான் வடிவு."

என்ன சரியில்லை என்று அவர் கேட்கவில்லை. அத்தான் சொல்லவுமில்லை.

4

இந்த இடத்தில்தான் கதை எனக்கு இனிக்கத் தொடங்கியது.

முடிவு அ: மிஸ்டர் அட்லர் இறந்துபோகிறார்.

எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்தது. "குருவிகளின்மேல் முதற்பனி விழுந்தது" என்ற வாக்கியம்வரை வந்துவிட்டேன். அப்போது கீழே அவர் இருமினார். உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் இருமல். தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

முடிவு ஆ: அத்தான் உண்மையைச் சொல்லிவிடுகிறார். மிஸிஸ் அட்லர் அவர் கையைப் பிடித்து, "குருவிகள் கீழே பார்த்தால் என்ன? சாப்பாடு கீழேதானே இருக்கிறது," என்கிறார்.

(அவர் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லையே. நான் வாசித்த நாவல்களில் கிழவிகள் இப்படித்தான் பேசுவார்கள். மன்னிப்பைக்கூட நானே எழுதி, நானே வாங்கிக்கொள்ளப் பார்த்தேன்.)

5

நடந்தது நான் யோசிக்காத ஒன்று.

அடுத்த பின்னேரம் எங்களையும் குடிலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் அத்தான் உள்ளே போய், தலைமாட்டுக் கதிரையில் அமர்ந்துகொண்டார்.

"என்னப்பா இது, வீட்டுக்காரற்றை கதிரை. எழும்புங்கோ," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கட்டும்."

மிஸ்டர் அட்லர் தடியை ஊன்றி வந்தார். கதிரையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "மாடி போதாதென்று இதுவும் வேண்டுமா?" என்று கேட்டுச் சிரித்து, மறுபக்கம் போய் இருந்தார். அக்கா தலை நிமிரவேயில்லை.

அன்று தொடக்கம் ஒவ்வொரு பின்னேரமும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், அத்தான் கீழே போகிறார். பிறர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவே கூச்சப்படுகிற மனிதர். பேரப்பிள்ளைகள் அவருக்குக் 'கதிரை அங்கிள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். காது சிவக்க, குனிந்தபடி சூப்புக் குடிக்கிறார்.

நேற்று அக்கா குசினியில் நின்று அழுதாள்.

"அந்த மனிசன்ரை தலைக்கு மேல வேண்டாம் எண்டுதானே சொன்னனான். உங்கட தலைக்கு மேல இருக்கட்டும் எண்டு சொன்னனானே?"

"சும்மா சோளயிலையப்பா."

"சோளயிலையெண்டால் நீங்கள் ஏன் போய் இருக்கிறியள்?"

அத்தான் படித்தவர், கோயில் பக்கமே போகாதவர், இதையெல்லாம் நம்புவாரா, பாத்திரம் பொருந்தவில்லையே என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டேன். நம்பாத ஒருவரும் அங்கே போய் இருக்கலாம்.

6

இன்று பண்டிகையின் கடைசிப் பின்னேரம். அத்தானுக்குக் காலையிலிருந்து காய்ச்சல்.

(கதைக்காக வைத்ததல்ல. திறந்த குடிலில் ஒக்டோபர் குளிரில் இருந்தால் யாருக்கும் வரும். அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத—)

அவர் எழும்பி சுவெட்டரைப் போடுகிறார். அக்கா கதவை மறித்து நிற்கிறாள். கீழே கோப்பைகள் வைக்கும் சத்தம். மிஸ்டர் அட்லரின் குரல் யன்னலால் வருகிறது: "மிஸ்டர் பதி இன்றைக்கு வரவில்லையா? அப்படியென்றால் என் கதிரை எனக்கு."

முடிவு அ என் மேசையில் இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது. நான் அதைக் கிழிக்கவில்லை. நல்ல வாக்கியம் என்பதால் கிழிக்கவில்லை. அந்தக் குருவிகளுக்குக் கீழே ஒருவரை இருத்தி, சாகடித்து, அழகாக வந்திருக்கிறதா என்று திரும்ப வாசித்துப் பார்த்தவன் இந்த வீட்டில் நான் மட்டுந்தான்.

தடி தட்டும் சத்தம் குடிலை நெருங்குகிறது. நான் பின்படியால் ஓடினால் முந்திப் போய் அந்தக் கதிரையில் இருந்துவிடலாம்.

வாசகரே, முடிவு அ மேசையில் இருக்கிறது. வேண்டுமானால் திருப்பி வாசியுங்கள். கதிரையில் இருப்பவரின் பெயரை மட்டும் நீங்கள்தான் மாற்றிக்கொள்ளவேண்டும்.