வாலில் எழுதிய பெயர்

"இது என்ன, மதாம்?" என்று சுங்கக்காரப் பெண் தாளில் ஒரு வரியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டியபோது கிளெனிஸ் கொஞ்சம் பெருமையாகத்தான் பதில் சொன்னாள்.

"அது எங்க கிளைடரோட பேரு. கே-ஃபைவ்."

"பேரு எனக்கு வேண்டாம். பதிவு எண் வேணும்."

கப்பலை விட்டு பிரான்ஸ் கரையில் இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முன்னால் கார், பின்னால் முப்பதடி நீளத்துக்கு வெள்ளை டிரெய்லர். அதற்குள், எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கிற அந்தச் சின்ன விமானம், கே-ஃபைவ், இறக்கைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தது. முன்பெல்லாம் இந்தத் துறைமுகத்தில் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, சொந்தக் கிளைடரை இரண்டு வாரம் பறக்கக் கொண்டுபோவதற்கும் பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம் வேண்டும். இந்தப் பொருளை விற்க மாட்டோம், இதே பொருளைத் திருப்பிக் கொண்டுபோவோம் என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பியது கிளெனிஸ்தான். எண் என்று கேட்ட கட்டத்தில் 'கே-5' என்று முத்து முத்தாக எழுதினாள்.

வேறென்ன எழுதுவாள்? வாலில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்பாக அதுதானே எழுதியிருக்கிறது. கிளைடர் கிளப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வால் எழுத்துதான் பெயர். இவளே இருபத்திரண்டு வருடமாக 'கே-ஃபைவ் வீட்டம்மா'. காற்று கைவிட்டுக் கணவர் ரோலண்ட் எங்காவது வயலில் இறங்கிவிட்டால், 'கே-ஃபைவ் கோதுமைக்குள்ள' என்று வானொலியில் குரல் வரும். இவள் அடுப்பை அணைத்துவிட்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அரசாங்கப் பதிவு எண் என்பது பிற்பாடு சட்டம் வந்ததால் விரல் நீளத்தில் ஓரமாக ஒட்டிய ஐந்து எழுத்து. பிள்ளையின் பெயரைக் கேட்டால் வருகைப் பதிவேட்டு எண்ணையா சொல்வோம்?

"திறந்து காட்டுங்க. நேர்ல பாத்துடுறேன்," என்றாள் அந்தப் பெண். சட்டையில் புஷே என்று பெயர் குத்தியிருந்தது. இவர்கள் மகள் வயதுதான் இருக்கும்.

ரோலண்ட் உற்சாகமாக இறங்கினார். எழுபத்து நாலு வயது. இந்தப் பயணத்துக்காக வாங்கிய புதுத் தொப்பி வேறு. "நல்லாப் பாத்துக்கோம்மா. டீத்தூளும் பீன்ஸ் டப்பாவும்தான் கடத்திட்டு வந்திருக்கோம். உங்க ஊர் டீயை மனுஷன் குடிப்பானா?"

"எங்க ஊர்ல டீ நோயாளிக்குத்தான் குடுப்போம், மெஸ்யூ," என்றாள் புஷே. மூவரும் சிரித்தார்கள். கிளெனிசுக்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஜூன் முப்பதாம் தேதியோடு ரோலண்டின் மருத்துவச் சான்று முடிகிறது. கண்ணின் நடுவில் ஏதோ தேய்ந்து வருகிறதாம், அதற்கு மேல் தனியாகப் பறக்க அனுமதி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று பதினாறு. ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிமுகடு இருக்கிறது. இரண்டு தடவை அதன் விளிம்பு வரை போய், ஒருமுறை மழையாலும் ஒருமுறை காற்றாலும் திரும்பி வந்தவர். இந்தப் பதினாலு நாளில் அதைத் தாண்டிவிட வேண்டும். குளிர்காலம் முழுக்க வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கொட்டகை நிழலில் டிரெய்லரின் மூடியைத் தூக்கினார்கள். "எண்ணை நீங்க படிங்க, நான் எழுதிக்கிறேன்," என்றாள் புஷே. ரோலண்ட் குனிந்தார். எழுத்துக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தவர், கணீரென்று ஐந்து எழுத்தையும் சொன்னார். புஷே எழுதினாள். பதிவுச் சான்றைப் பார்த்தாள். தானே குனிந்து பார்த்தாள்.

"நாலாவது எழுத்து தப்பு, மெஸ்யூ. அஞ்சாவதும்."

"வெயில் கண்ணுல அடிக்குது," என்றார் ரோலண்ட்.

கொட்டகைக்குள் வெயிலே இல்லை. கிளெனிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கட்டைவிரல் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. எழுத்து சதுரமா வளைவா என்று தேடுகிற விரல். மூன்று வாரத்துக்கு முன்னால் தரையிறங்கியதும், 'அந்தக் கம்பிவேலி எப்ப முளைச்சுது?' என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். இந்தப் படிவத்தைக்கூட 'உன் கையெழுத்துதான் அழகு' என்று இவள் பக்கம் தள்ளிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவள் கையெழுத்தைப் புகழ்ந்ததே இல்லை.

தாள் செல்லாது என்றாள் புஷே. ஊரிலிருந்து புதுசு, அசலாக வர வேண்டும். அதுவரை கிளைடர் இந்தக் கொட்டகையில் இருக்கலாம், இல்லையென்றால் அடுத்த கப்பலில் திரும்பிப் போகலாம். கடுமையாகச் சொல்லவில்லை. உள்ளே போய் மூன்று காகிதக் கோப்பையில் காப்பிகூட எடுத்துவந்தாள்.

அவள் வருவதற்குள் கிளெனிஸ் கேட்டாள். "எத்தனை நாளா, ரோலி?"

"என்ன எத்தனை நாளா?"

"படிக்க முடியாம."

"போன வருஷத்துலேருந்து கொஞ்சம் மங்கல்."

"டாக்டர்கிட்ட எல்லா எழுத்தையும் படிச்சியே!"

"பதினோரு வருஷமா அதே பலகை, கிளென். எனக்கு மனப்பாடம்." பிறகு, சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "மலை என்ன எழுத்தா? பெருசாத்தான இருக்கும். தெரியும்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. தாளில் தப்பாக எழுதியது இவள், இப்போது எந்த வாயால் கத்துவது?

அப்போது கைபேசி அடித்தது. எண் தகராறு என்றதுமே இவள் செய்தி அனுப்பியிருந்த கிளப் செயலாளர் நைஜல். "கே-ஃபைவ் வீட்டம்மா! வாசல்லயே மாட்டிக்கிட்டீங்களா? உங்க செய்தியைப் பாத்தேன், கவலைய விடுங்க. இன்னிக்கே விண்ணப்பிச்சா வியாழக்கிழமை தாள் கைக்கு வந்துடும். நானே கப்பல் ஏறிக் கொண்டாந்து தர்றேன். மனுஷன் இத்தனை வருஷம் காத்திருக்காரு, இதுக்காகவா விடறது? அந்த அஞ்சு எழுத்தை மட்டும் படிச்சுச் சொல்லுங்க, போதும்."

கிளெனிஸ் டிரெய்லரின் பின்பக்கம் வந்து நின்றாள். எழுத்துகள் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தன. சரியாகச் சொன்னால் அவர் பறப்பார், தப்பாகச் சொன்னால் தாள் வருவதற்குள் முப்பதாம் தேதி வந்துவிடும். வெளியே சிமெண்டுத் தரையில், ரோலண்ட் இரண்டு கையையும் விரித்து, இறக்கையை எப்படிச் சாய்த்தால் வெப்பக்காற்று தூக்கிவிடும் என்று புஷேயிடம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்கு முன்னால் கிளைடரைத் தடுத்து வைத்தவளும் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? இருக்கீங்களா? முதல் எழுத்து?"

"ஜி," என்றாள் கிளெனிஸ். இங்கிலாந்தில் பறக்கிற எல்லாவற்றுக்கும் முதல் எழுத்து அதுதான்.

"அது தெரிஞ்சதுதானே. அடுத்தது?"

புஷேயை உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள். அது தெரியாமல் ரோலண்ட் இன்னும் கையை விரித்தபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மெதுவாக வட்டமடித்தார். பின்னால் ஒரு பெரிய லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து, அவருக்குச் சில அடி தள்ளி நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். ரோலண்ட் வலப்பக்கம் சாய்ந்து இன்னொரு சுற்று சுற்றினார்.