வட்டத் துளைக் கொக்கி

மூன்று வாரமாக ஆர்டிஸ் வாயைத் திறந்தாலே சண்டைதான். தபால்காரனிடம் சண்டை, மளிகைக் கடைக்காரியிடம் சண்டை, பனி தள்ளும் வண்டிக்காரனிடம் சண்டை. புருஷன் ராய்ஸ் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தான். அவள் அடுக்களைக்கு வந்தால் இவன் கொட்டகைக்குப் போவான். அவள் கொட்டகைக்கு வந்தால் இவனுக்கு மாட்டுக்குத் தீவனம் வைக்கிற வேலை வந்துவிடும். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தாளே தவிர அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூடுகளுக்கு மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றுகிற பச்சை எந்திரம் ஒன்று அவள் கொட்டகை மேசையில் முப்பத்தோரு வருஷமாக இருக்கிறது. 1971இல் செய்தது. அயோவாவில் அதைச் செய்த கம்பெனி மூடி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் அதன் வட்டத் தட்டு ஒரு படி நகரும். ஒரு கூட்டில் மருந்து விழும், அதற்கு முந்தினதில் குண்டு உட்காரும். தட்டை நகர்த்துவது அடியில் இருக்கிற சுண்டுவிரல் நீள இரும்புக் கொக்கி. அது வழுக்கினால் தட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். மருந்து விழுந்த கூட்டிலேயே இன்னொரு தடவை மருந்து விழும்.

அப்படித்தான் விழுந்திருக்கிறது. மாண்டனாவின் இந்தக் கோடியில் ஒருத்தர் மருந்தேற்றிய தோட்டாவை இன்னொருத்தர் சுடமாட்டார்கள், சொந்த அண்ணன் கொடுத்தாலும் சரி. சிநேகிதி மார்வா ஒருத்திதான் விதிவிலக்கு. இருபது வருஷமாக அவள் ஆர்டிஸின் தோட்டாவை மட்டுமே சுட்டு வந்தாள். துப்பாக்கி கிளப்பின் பிப்ரவரி மாதத்துப் போட்டியில் நான்காவது தோட்டாவுக்கு மார்வாவின் ரிவால்வர் வெடித்தது. வலது கட்டைவிரலில் மேல் கணு போய்விட்டது.

அடுத்த ஞாயிறே கிளப் தலைவர் டெல்மர் கூட்டம் போட்டுவிட்டான்.

"கவனமில்லாமப் பண்ணியிருக்க ஆர்டிஸ். வயசாயிடுச்சு, ஒத்துக்க."

"கொக்கி தேஞ்சு போயிருக்குய்யா. தட்டக் கழட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"எந்திரத்து மேல பழி போடாத. அதுக்கு வாயில்லைல்ல!"

ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சரியான கொக்கியை மாட்டி, டெல்மர் நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அவளுக்குக் கிளப்பில் இடமில்லை என்று முடிவானது. ஒரு கதவுக் கீலை நேராக மாட்டத் தெரியாத டெல்மர் வந்து அவள் எந்திரத்தைப் பார்க்கப் போகிறானாம்! ராய்ஸ் கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு நின்றான். மார்வா வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை.

கொக்கி தேடி ஆர்டிஸ் அலையாத இடமில்லை. நன்றாக ஓடுகிற எந்திரங்களை வாங்கி, உடைத்து, மாட்டிறைச்சி மாதிரிக் கூறுபோட்டு விற்கிற கும்பல் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அவர்களிடம் கைப்பிடி இருக்கும், மருந்துப் புட்டி இருக்கும், கொக்கி மட்டும் இருக்காது. ஒரெகானில் ஒருத்தன் தானே செய்து தருகிறேன் என்று அனுப்பினான். அரத்தால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. "இத உன் கதவுக்குத் தாழ்ப்பாளாப் போட்டுக்க" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். கடைசியில் கன்சாஸில் ஹார்லன் என்கிற கிழவன் கிடைத்தான். கம்பெனி மூடின அன்று இழுப்பறையோடு இரண்டு லாரி உதிரி பாகம் அள்ளிக்கொண்டு வந்தவன்.

"ஹார்லன், என் பேரு ஆர்டிஸ்..."

"பேரெல்லாம் எதுக்கும்மா? எந்திரத்து நம்பரச் சொல்லு."

சொன்னாள்.

"எழுவத்தொண்ணு. அப்ப நீளத் துளை."

"என்ன துளை?"

"கொக்கியில ஆணி போற துளைதான். அறுவத்தாறு வரைக்கும் வட்டமா இருந்துச்சு, அப்பறம் நீளவாக்குல மாத்திட்டாங்க. தேஞ்சதக் கையில எடு. எப்படி இருக்கு?"

ஆர்டிஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"வட்டமா இருக்கே."

"அது உன் எந்திரத்துக் கொக்கியே இல்லம்மா! பழைய எந்திரத்துலேர்ந்து கழட்டி எவனோ மாட்டியிருக்கான். வழுக்காம என்ன பண்ணும்? எந்தப் புத்திசாலி பண்ணின வேலை இது?"

ஆர்டிஸ் ஃபோனை வைத்தாள். அறுபத்தாறுக்கு முந்தின எந்திரம் இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அவளுடையதுதான் அதுவும், 1964இல் செய்தது, ஓடாது. உதிரி பாகத்துக்கென்று கொட்டகை மூலையில் போட்டு வைத்திருந்தாள். "துருப்புடிச்சு சும்மாத்தானே கெடக்கு" என்று போன அக்டோபரில் அவளைக் கேட்காமல் அதைத் தூக்கி ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவன் ராய்ஸ். அதற்கு அவனுக்குப் பாராட்டுப் பத்திரம் வேறு.

அருங்காட்சியகத்தில் எந்திரத்துக்குப் புதுச் சாயம் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்கிற கிளாரிஸ் ஆசையாக எழுந்து வந்தாள்.

"இழுத்துப் பாரு ஆர்டிஸ், தொடலாம். பசங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்குது."

ஆர்டிஸ் கைப்பிடியை இழுத்தாள். டிக். தட்டு ஒரு படி நகர்ந்தது. மறுபடி இழுத்தாள். டிக். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷமாகக் கேட்ட சத்தம். முழங்காலில் உட்கார்ந்து அடியில் டார்ச் அடித்தாள். நீளத் துளை. ஆட்டம் கொடுக்காமல் இருக்கச் செப்புத் தகடு ஒன்று செருகியிருந்தது. கொக்கியின் முதுகில் மூன்று புள்ளிகள். புது பாகம் மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவள் தன் கையால் அடிக்கிற புள்ளிகள். தேய்ந்த கொக்கியில் அவை இல்லாததை அவள் கவனிக்கவே இல்லை.

பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"ஐயோ, கழட்டாத! அது இப்ப ஊர்ச் சொத்து!"

"போலீஸக் கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள நான் முடிச்சிடுவேன்."

வட்டத் துளைக் கொக்கியை அது பிறந்த எந்திரத்திலேயே மாட்டிவிட்டு, தன்னுடையதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். கிளாரிஸ் போலீஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்தப் போலீஸ்காரனுக்கும் கிடைத்திருக்கும்.

வீட்டில் ராய்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான். கொக்கியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"கொக்கி."

"எங்க இருந்துச்சு?"

கரண்டியைக் கீழே வைத்தான். "தெறப்பு விழா அன்னைக்குக் கைப்பிடிய இழுத்தா தட்டு சுத்தல ஆர்டிஸ். பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க. ஒரு நாளைக்குத்தானேன்னு..."

"ஒரு நாளா? அஞ்சு மாசம்!"

"திரும்ப மாத்தணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்."

"மார்வா வெரலு போச்சே, அன்னைக்காவது ஞாபகம் வந்துச்சா?"

அவன் சூப்பையே பார்த்தான்.

"வந்துச்சு."

முட்டாள்தனமாக மாட்டினதைக்கூட ஒரு கணக்கில் மன்னித்துவிடலாம். இவனுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே பின்வரிசையில் நின்று தொப்பியைச் சுற்றியிருக்கிறான்.

"எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்களே, அப்ப உன் வாய்ல என்னத்த வெச்சிருந்த?"

"எப்படியும் நீ பார்ட்டத் தேடிப் புடிச்சு சரி பண்ணிடுவேன்னு நெனச்சேன். உன் அளவுக்கு யாருக்குத் தெரியும் அதெல்லாம்?"

"சோப்புப் போடாத! ஞாயித்துக்கிழம நீ எந்திரிச்சு சொல்ற. பூசி மெழுகினா அங்கேயே மானத்த வாங்கிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்தில் ராய்ஸ் எழுந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு..."

"யாரு நடத்தினது?" என்றாள் ஆர்டிஸ், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"நான்தான்." கொக்கியை மாற்றினதையும் மறந்ததையும் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தான்.

பிறகு டெல்மர் கடகடவென்று சிரித்தான். "அட ராய்ஸு! போன வருஷம் நான் என் பொண்டாட்டி கார்ல டயர மாத்திட்டு நட்டு போட மறந்துட்டேன்ல? மனுஷன்னா மறதி வரும், விடுய்யா." எவனோ ராய்ஸின் முதுகில் தட்டினான். இன்னொருவன் அவனுக்குக் காபி ஊற்றிக்கொடுத்தான். மூன்று வாரம் அவளைத் தெருவில் பார்த்தும் பாராததுபோல் போனவர்கள், அவனை மூன்று நிமிஷத்தில் மன்னித்துவிட்டார்கள்.

ஆர்டிஸ் எழுந்தாள். "எனக்கு மறதின்னா வயசாயிடுச்சு. இவனுக்கு மறதின்னா மனுஷனா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

டெல்மரின் கழுத்து சிவந்தது. "சரி, சரி. தடைய எடுத்தாச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து வா."

"உன் தடைய நீயே ஊறுகாய் போட்டு வெச்சுக்க."

விறுவிறுவென்று வெளியே வந்தாள். வாசலில் மார்வா நின்றிருந்தாள், வலது கையில் கட்டோடு. எப்போது வந்தாளோ தெரியாது. ஆர்டிஸ் அவளிடம் ஓடினாள். கிளப்பும் டெல்மரும் எப்படிப் போனால் என்ன, இவள் ஒருத்தி கேட்டால் போதும் என்றுதானே மூன்று வாரம் நாயாக அலைந்தாள்!

"கேட்டியாடி? எல்லாத்தையும் கேட்டியா? நான் இல்லடி, இவன்!"

"கேட்டேன்" என்றாள் மார்வா. "உன்ன ஒண்ணு கேக்கணும். குண்டு வெக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் வெளக்கு அடிச்சுப் பாப்பியே. என் தோட்டாவ ஏத்தின அன்னைக்குப் பாத்தியா?"

இரட்டை மருந்து விழுந்தால் கூடு விளிம்புவரை நிறைந்திருக்கும். எட்டிப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். கொக்கி நம்மை ஏமாற்றும், கண் ஏமாற்றாது என்று கிளப்பில் எல்லாரையும் விரட்டி விரட்டிச் சொல்கிறவள் ஆர்டிஸ்தான்.

"அன்னைக்கு ரேடியோல நம்ம ஊர்ப் பொண்ணுங்களோட கூடைப்பந்து ஆட்டம் ஓடிட்டிருந்துச்சு. முப்பது வருஷமாத் தப்பாத எந்திரம்தானேன்னு..."

"பாத்தியா?"

"பாக்கல."

"கைப்பிடிய இழுத்தது யாரு?"

ஆர்டிஸ் உள்ளே திரும்பிப் பார்த்தாள். ராய்ஸ் காபியோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவன்மேல் கத்த இன்னும் ஆயிரம் இருந்தது. ஒன்றும் இப்போது உதவவில்லை.

"நான்தான்."

"பதினேழு தடவ ஃபோன் பண்ணி சேதி வெச்ச. எல்லாத்துலயும் கொக்கி கொக்கின்னே பேசின. டெல்மர் இப்படிப் பேசினான், ஒரெகான்காரன் ஏமாத்தினான்... பதினேழையும் நான் கேட்டேன் ஆர்டிஸ்."

மார்வா தன் காருக்குப் போனாள். இடது கையால் கதவைத் திறக்க வரவில்லை. சாவி பனியில் விழுந்தது. ஆர்டிஸ் போய் எடுத்துத் திறந்துவிட்டாள். கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"வெரல் எப்படிடி இருக்கு?"

"போயிடுச்சு" என்றாள் மார்வா.